முகவரிப் பஞ்சம் ஏன் தீரவில்லை?

இணையத்தில் சேரும் கணிப்பொறிக்கு ஓர் எண் முகவரி தேவை என்பதை அறிவீர்கள். 1981-இல் வகுத்த நான்காம் பதிப்பு விதிப்படி அது 32 பிட் நீளமுள்ளது. 2-ஐ 32 முறை பெருக்கிப் பாருங்கள். சுமார் 429 கோடி வரும். உலக மக்கள்தொகையோ 800 கோடியைத் தாண்டிவிட்டது!

128 பிட் கொண்ட ஆறாம் பதிப்பு 1995-லேயே எழுதப்பட்டது. 2011 பிப்ரவரியில் உலகப் பொது இருப்பிலிருந்த பழைய முகவரிகள் தீர்ந்தும் போயின. ஆயினும் பழைய விதி இன்னும் ஓயவில்லை. ஏன்?

பழையதை மட்டும் அறிந்த பொறியும் புதியதை மட்டும் அறிந்த பொறியும் நேரே பேச இயலாது. எனவே மாறியவரும் இரண்டையும் சேர்த்தே நடத்த வேண்டியுள்ளது. முந்துபவருக்குச் செலவு, முழுப் பலன் எல்லோரும் மாறிய பிறகே. 1983 ஜனவரி 1 என்று நாள் குறித்து அமெரிக்காவின் ஆர்பாநெட் விதி மாறியது உண்மைதான். அதில் இருந்தவை சில நூறு கணிப்பொறிகளே!

இடையில் வந்த ஒட்டுவேலை, ஒரே முகவரியைப் பலர் பகிர்வது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒருவர் செய்த குறும்புக்காக அம்முகவரி தடுக்கப்பட்டால், பகிரும் மற்றவர்களும் அல்லவா தண்டனை பெறுகிறார்கள்? நீங்கள் வீட்டுக் கணிப்பொறியில் ஒரு தளம் அமைத்தாலும் வெளியார் நேரே வந்து சேர வழியில்லாமற் போகிறது.

நியாயமும் இதில் அடங்கியிருக்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் ஒன்றே 1.6 கோடிக்கு மேற்பட்ட முகவரிகளை வைத்திருந்தது. அவற்றில் சுமார் 80 லட்சத்தை விற்பதாக 2017-இல் அறிவித்தது. பிந்தி வந்த நாட்டார் வெறும் எண்ணைக் காசு கொடுத்தா வாங்குவது? புதிய விதி தரும் முகவரிகளின் எண்ணிக்கையோ 39 இலக்கம் கொண்டது!

உங்கள் கைபேசியின் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். புள்ளியிட்ட நான்கு எண்கள் பழையது. முக்காற்புள்ளிகளுடன் எழுத்தும் எண்ணும் கலந்து வருவது புதியது. உங்களிடம் எது இருக்கிறது?