நலம் நாடுவோம்: முதுகில் ஒரு தழும்பு



இம்மாதம் என் சொந்தக் கதையையே எழுதுகிறேன். என் முதுகின் இடது பக்கத்தில், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, வளைந்த ஒரு தழும்பு இருக்கிறது.

1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது எனக்கு ஐந்து வயது. தாராபுரத்திலிருந்து கற்பிட்டிக்கு வள்ளத்தில் போனோம். பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டில். கொஞ்சம் ஓடினாலே கால் உளைகிறது என்று அழுவேனாம். அலைந்த களைப்பு என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஒன்பது வயதில் ஒரு டொக்டர் கையில் நாடி பிடித்தார், பிறகு தொடை மடிப்பிலும் பிடித்தார். அங்கே நாடி அகப்படவேயில்லை.

இதயத்திலிருந்து உடம்பெங்கும் இரத்தம் கொண்டுபோகும் பெருநாடி, பிறவியிலேயே எனக்கு ஓரிடத்தில் ஒடுங்கியிருந்தது. இடது கைக்கான குழாய் பிரியும் இடத்துக்குக் கிட்டத்தான் இந்த ஒடுக்கம் பெரும்பாலும் வரும். அதற்கு மேலே தலைக்கும் கைக்கும் அமுக்கம் கூட, கீழே காலுக்குக் குறைவு. கொழும்பில் அந்தத் துண்டை வெட்டி எடுத்து இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். இந்தச் சத்திரசிகிச்சையை 1944இல் சுவீடனில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் முதன்முதலாகச் செய்தார்.

உம்மா கஞ்சி காய்ச்சிப் பங்கிட்டா. "இனி என்ட புள்ளைக்கு ஒண்டுமில்லை" என்றா. நாங்களும் அப்படியே இருந்துவிட்டோம். வீடு மாறி மாறி, ஆஸ்பத்திரித் துண்டுகளும் தொலைந்துபோயின.

யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பினோம். 2013இல் இரண்டாவது பிள்ளை வயிற்றில். ஓயாத தலையிடி. இடது கையில் பிரஷர் பார்த்தார்கள், 120/80. யோசனையால் வரும் தலையிடி என்றார்கள். எங்களுக்கு எது வந்தாலும் யோசனை என்றுதானே சொல்வார்கள்! யோசனை இல்லாமலா இருந்தோம்? ஆனால் வீட்டுக்கு வந்த மருத்துவமாது தழும்பைக் கண்டுவிட்டு வலது கையில் அளந்தா. 170/100. இடது கைக் குழாயும் ஒடுக்கத்தோடு ஒட்டியே பிரிவதால், அந்தக் கை குறைத்துக் காட்டலாம் என்று பிறகுதான் அறிந்தேன்.

தைத்த பிறகும் ஏன் பிரஷர்? வருடக்கணக்கில் அதிக அமுக்கத்தைத் தாங்கிய மேல் நாடிகள் இறப்பர்க் குழாய் பழுதானதுபோல் விறைத்துவிடுகின்றன. அமுக்கத்தை உணர்ந்து சீர்செய்யும் உடம்பின் ஏற்பாடும் அந்த உயர்ந்த அளவுக்கே பழகிவிடுகிறது. சிலருக்குத் தைத்த இடமே மறுபடி ஒடுங்குகிறது. எவ்வளவு பிந்திச் செய்கிறார்களோ அவ்வளவுக்குப் பிரஷர் நிற்கும் வாய்ப்பும் கூட.

அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் 1946 முதல் 1981 வரை இந்தச் சிகிச்சை பெற்ற 646 பேரைப் பற்றி 1989இல் எழுதினார்கள். முப்பது வருடங்களின் பின் உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 72 பேர். பிற்கால மரணங்களுக்கு முதற் காரணம் இதயக் குழாய் அடைப்பு. வாசித்த இரவு எனக்கு நித்திரையில்லை. ஆனால் அவர்களில் பலருடைய காலத்தில் இன்றுள்ள நல்ல மாத்திரைகள் இருக்கவில்லை என்பதையும் நினைத்துக்கொண்டேன்.

கர்ப்பத்தில் பெருநாடிக்குப் பாரம் கூடும். ஆகவே என்னைப் போன்றவர்கள் பிள்ளை பெற யோசிக்கும்போதே இதய டொக்டரைக் கண்டு, தைத்த இடத்தை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். எனலாப்ரில், லொசார்ட்டன் போன்ற மாத்திரைகள் வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது, டொக்டர் வேறு தருவார். பயத்தில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எனக்கும் மாத்திரையை மாற்றித்தான் மகளைப் பெற்றெடுத்தேன். அவளுடைய இதயத்தையும் பார்த்தார்கள், பிறவிக் குறை தாயிடமிருந்து வரும் சாத்தியம் கொஞ்சம் கூட என்பதால்.

கருவாடு? கேட்பீர்களென்று தெரியும். மன்னாரில் பிறந்துவிட்டு அதை முழுதாக விட என்னால் முடியவில்லை. பெருநாளைக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான். ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முழுதும் போகாது.

இப்போது கிளினிக்குக்குப் போனால் முதலில் வலது கையை நீட்டுகிறேன். பிறகு காலிலும் பாருங்கள் என்று கேட்கிறேன். புதுத் தாதிமார் சிலர் முகம் சுளிப்பார்கள், நான் முதுகைத் திருப்பிக் காட்டுவேன். கிளினிக் கொப்பியையும் ஸ்கேன் துண்டையும் பொலித்தீன் பையில் சுற்றி, காணி உறுதியோடு சேர்த்து வைத்திருக்கிறேன். இன்னொருமுறை ஓட வேண்டி வந்தால் கையில் எடுப்பது அந்தப் பையைத்தான்.