வெப்சைட் செய்து கொடுக்கும் பிள்ளைகளே, நீங்கள் போன பிறகு அதை யார் பார்த்துக்கொள்வார்?

பதிவு கொஞ்சம் நீளம். திட்டுவதாக இருந்தாலும் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

"வேர்டுபிரஸ்ஸா சார்? அதெல்லாம் புரோகிராமிங்கே இல்லை. லாரவேலில் செய்தால்தான் கௌரவம்." ஐடி வேலைக்குப் போன நம் பிள்ளைகளில் பலர் இப்படித்தான் பேசுகிறார்கள். ஊர்ப் பள்ளிக்கோ கோயிலுக்கோ மாமாவின் கடைக்கோ ஒரு வெப்சைட் வேண்டுமென்றால், உடனே யாருடைய கருவி பெரியது என்ற சண்டை. பிளஸ் டூவுக்குக் கணினி அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் சொல்கிறேன்: இது கௌரவப் பிரச்சினை இல்லை. நாளைக்கு அதில் யார் எழுதப் போகிறார் என்பதுதான் பிரச்சினை.

உறவினர்களுக்காகச் சின்ன விளக்கம். வேர்டுபிரஸ், ட்ரூபல், ஜூம்லா எல்லாம் சிஎம்எஸ் வகை. எழுதுவது, படம் போடுவது, யார் எதைத் திருத்தலாம் என்று பிரிப்பது, எல்லாம் தயாராக இருக்கும். பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய் டைப் அடித்தால் போதும். லாரவேல், ஜாங்கோ, ரூபி ஆன் ரெயில்ஸ் எல்லாம் ஃபிரேம்வொர்க். அவை புரோகிராமருக்கான கருவிகள். டேட்டாபேஸ், லாகின் போன்ற வேலைகளுக்கு உதவி கிடைக்கும். ஆனால் எந்தப் பக்கம், எந்தப் பட்டன், எந்தக் கணக்கு என்பதை ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும்.

இவை பிறந்த கதையைப் பார்த்தாலே எது எதற்கு என்று புரியும். 2003-ல் வேர்டுபிரஸ் வந்தது வலைப்பதிவு எழுதுகிறவர்களுக்காக. 2004-ல் வெளியான ரெயில்ஸ், அலுவலக வேலைகளை நிர்வகிக்கும் பேஸ்கேம்ப் மென்பொருளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. ஜாங்கோ பிறந்தது அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்ற ஊரின் நாளிதழ் அலுவலகத்தில். 2005-ல் பொதுவில் வந்தது. பத்திரிகை ஆபீசில் பிறந்ததால்தான், புரோகிராம் தெரியாதவரும் செய்தியை ஏற்றும்படி ஓர் 'அட்மின்' பக்கம் அதில் கூடவே வருகிறது. ஃபிரேம்வொர்க் செய்தவர்களே அந்த ஆளை மறக்கவில்லை. நம் பிள்ளைகள் மறக்கிறார்கள். என் கோபம் அதுதான்.

வேர்டுபிரஸ் சின்னப் பிள்ளை விளையாட்டு என்கிறீர்களா? உலகத்து வெப்சைட்டுகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. அமெரிக்க வெள்ளை மாளிகையின் தளம் 2009-ல் ட்ரூபலுக்கும் 2017-ல் வேர்டுபிரஸ்ஸுக்கும் மாறியது. புரோகிராமர் வைக்கக் காசில்லாமலா மாறினார்கள்?

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். பழைய மாணவர் ஒருவர் அன்போடு, இலவசமாக, லாரவேலில் தளம் செய்து கொடுத்தார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் கட்டண விவரத்தை மாற்ற அவரே கோடைத் திறக்க வேண்டும். அவர் வெளிநாடு போய்விட்டார். டொமைன் அவர் பெயரில், சர்வர் பாஸ்வேர்டு அவர் மெயிலில். மூன்று வருடம் பழைய கட்டணமே தளத்தில் நின்றது. பெற்றோர்கள் அதைப் பார்த்துப் பணத்தோடு வந்து ஆபீசில் சண்டை போட்டார்கள். ஏச்சு வாங்கியது கிளார்க் அம்மா. தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர் அவர். உள்ளே போக ஒரு வழி இருந்திருந்தால் அவருக்கு அது இரண்டு நிமிட வேலை.

"லாரவேலிலும் அட்மின் பக்கம் எழுதலாமே சார்" என்பீர்கள். எழுதலாம். அப்போது நீங்கள் எழுதுவதே ஒரு சிஎம்எஸ்தான்; உங்கள் ஒருவருக்கு மட்டும் தெரிந்த சிஎம்எஸ். வேர்டுபிரஸ் தெரிந்தவர் எந்த டவுனிலும் கிடைப்பார். அதோடு, லாரவேலின் ஒவ்வொரு பதிப்புக்கும் பாதுகாப்புத் திருத்தம் இரண்டு வருடம்தான் வரும். பிறகு அடுத்த பதிப்புக்கு யார் மாற்றுவது? வேர்டுபிரஸ் 2013 முதல் சிறிய பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே போட்டுக்கொள்கிறது.

வேர்டுபிரஸ்காரர்களே, நீங்களும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். அதில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளில் பெரும்பாலானவை பிளகின்களில்தான். கூட்டுறவுச் சங்கத்துக் கடன் கணக்கு, ஆஸ்பத்திரி டோக்கன், மாணவர் மதிப்பெண் போன்றவற்றுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. கணக்குத் தப்பினால் ஆள் பாதிக்கப்படுவார். அதை முப்பது பிளகினை ஒட்டுப்போட்டுச் செய்தால், ஒன்றை அப்டேட் செய்யும்போது இன்னொன்று படுத்துவிடும். அங்கே ஃபிரேம்வொர்க்கை எடுங்கள். கூடவே, வருடா வருடம் அதைப் பராமரிக்க ஆளும் பணமும் வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அறிவிப்பும் படமும் போன் நம்பரும் போட மட்டும்தான் தளம் என்றால் சிஎம்எஸ் போதும். பிளகின்களையும் விரல் விட்டு எண்ணுகிற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடை வைத்திருக்கும் உறவுகளே, யாராவது தளம் செய்து தருகிறேன் என்று வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். விலைப்பட்டியலை நானே மாற்ற முடியுமா? டொமைன் என் பெயரில் இருக்குமா? நீ நாளை வராவிட்டால் வேறு யார் இதைப் பார்ப்பார்? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகளே, உங்கள் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்களுக்குக் கோடு எழுதக் கற்றுக்கொடுத்தபோது எனக்கு இருந்த பெருமை இன்றும் இருக்கிறது. அடுத்த முறை கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன், அந்தத் தளத்தில் தினமும் எழுதப் போகிறவரின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். அவருக்கு என்ன தெரியும், என்ன வேண்டும் என்று கேளுங்கள். பாஸ்வேர்டுகளை ஒரு கவரில் போட்டு அந்த ஆபீஸ் பீரோவில் வைத்துவிட்டு, எப்படித் திருத்துவது என்று தமிழில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கம்ப்யூட்டர் சார்