உள்ளே ஒரு கணினி, நடுவே ஒரு கதவு



சென்ற மாதம் மயிலாப்பூரிலிருந்து ஒரு சகோதரி தொலைபேசியில் அழைத்தார். நம் இதழை நெடுங்காலமாகப் படித்து வருபவர். "காக்கா, வாப்பா எழுதிய புத்தகம் கிடைத்துவிட்டது. ஆனால் திறக்க முடியவில்லை" என்றார். ஏதோ பூட்டிய பெட்டியைச் சொல்கிறார் என்றே முதலில் எண்ணினேன்.

அவருடைய தந்தையார் இளமையில் கீழக்கரையிலிருந்து சென்னைக்கு வந்து, தியாகராய நகரில் சிறிய துணிக்கடை வைத்து நடத்தியவர். முதுமையில் தம் வாழ்க்கைக் குறிப்புகளை ஆறு நோட்டுப் புத்தகங்களில் எழுதினார். லஸ் முனைக்கு அருகே ஒரு சந்தில் இருந்த டி.டி.பி. நிலையத்தில் அவற்றைத் தட்டச்சுச் செய்யக் கொடுத்தார். அது 2000ஆம் ஆண்டு. அச்சுக்குப் போகுமுன்னே மவுத்தாகிவிட்டார். நோட்டுப் புத்தகங்கள் மகளிடம் கோட்டூர்புரத்துத் தரைத்தள வீட்டில் இருந்தன. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வந்த இரவில் அவற்றை எடுக்க நேரமிருக்கவில்லை. எஞ்சியது, அண்ணன் வீட்டு அலமாரியில் கிடந்த ஒரு குறுந்தகடு மட்டுமே. அந்த டி.டி.பி. நிலையமோ எப்போதோ மூடப்பட்டுவிட்டது.

குறுந்தகட்டில் இருந்தவை பேஜ்மேக்கர் கோப்புகள். இன்றைய மடிக்கணினியில் அவற்றைச் சொடுக்கினால், எந்த மென்பொருளால் திறப்பது என்று கணினி நம்மையே திருப்பிக் கேட்கிறது. அடோபி நிறுவனம் பேஜ்மேக்கரின் ஏழாம் பதிப்பை 2001இல் வெளியிட்டதோடு அதனை வளர்ப்பதை விட்டுவிட்டது. மென்பொருள் கிடைத்தாலும் இன்னொரு தடை உண்டு. அக்காலத்தில் தமிழுக்கென்று கணினியில் தனி இருக்கை இருந்ததே தவிர, அதில் யாரும் அமரவில்லை. யூனிகோடு தரத்தில் 1991லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தும், நம் அச்சகங்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்தே வேலை பார்த்தன. ஒரு எழுத்துருவில் 'அ' இருந்த இடத்தில் மற்றொன்றில் 'ஞ' இருக்கும். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் தொண்ணூறுகளில் இலவசமாக வழங்கிய எழுத்துருவின் பெயரே 'மயிலை'. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் பரிந்துரைத்தது. ஆயினும் சந்துக்குச் சந்து இருந்த டி.டி.பி. நிலையங்கள் தத்தம் பழைய எழுத்துருவை எளிதில் விடவில்லை.

எனவே அந்தப் புத்தகத்தைத் திறக்க, அந்தக் காலத்துக் கணினியே வேண்டும். பழைய இயந்திரத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. கணினிக்குள்ளேயே ஒரு கணினியை உருவாக்கிக் கொள்ளலாம். இதற்கு மெய்நிகர் இயந்திரம் என்று பெயர். புதிய கருத்தன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் அறுபதுகளிலேயே ஒரு பெரிய கணினியைப் பல கணினிகள் போல் நடிக்கச் செய்தார்கள். நம் மேசைக் கணினிகளுக்கு வி.எம்.வேர் 1999இல் அந்த வசதியைக் கொண்டு வந்தது. இப்போது ஆரக்கிள் நிறுவனத்திடம் இருக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் 2007 முதல் இலவசமாகவே கிடைத்து வருகிறது. நம் உண்மையான கணினியை வீட்டுக்காரர் என்றும், உள்ளே இயங்குவதை விருந்தாளி என்றும் இத்துறையினர் அழைக்கிறார்கள். பொருத்தமான பெயர்கள்தாம்.

சகோதரியின் மகன் பொறியியல் மாணவர். வீட்டில் கிடந்த பழைய தகட்டைக் கொண்டு விண்டோஸ் எக்ஸ்பியை விருந்தாளியாக நிறுவிவிட்டார். நான் முன்னொரு காலத்தில் பணம் கொடுத்து வாங்கிய பேஜ்மேக்கர் தகட்டைக் கொடுத்தனுப்பினேன். மடிக்கணினியில் தகடு போடும் வாயே இல்லாததால், ரிச்சி தெருவில் யு.எஸ்.பி. டிரைவ் ஒன்றும் வாங்க வேண்டியதாயிற்று. எல்லாம் இயங்கின. ஆனால் உள்ளே இருப்பவருக்கு வெளியே உள்ள கோப்பு தெரியவில்லை. வெளியே இருப்பவருக்கு உள்ளே நடப்பது தெரியவில்லை. இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தும் நடுவே சுவர். இந்தச் சுவரில் எப்படிக் கதவு வைப்பது என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.

முதல் வேலை, விருந்தாளிக்குள் 'கெஸ்ட் அடிஷன்ஸ்' என்னும் துணை மென்பொருளை நிறுவுவது. விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் 'டிவைசஸ்' பட்டியலிலேயே அது இருக்கிறது. இதை நிறுவாமல் பகிர்வுக் கோப்புறை வேலை செய்யவில்லை என்று வருந்துவோர் பலர். விண்டோஸ் 98ஐ விருந்தாளியாக வைத்தால் இந்தத் துணை மென்பொருளே கிடையாது. நாங்கள் எக்ஸ்பியைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான்.

அடுத்து, அமைப்புகளில் 'ஷேர்டு ஃபோல்டர்ஸ்' என்னும் பகுதிக்குச் சென்று, வீட்டுக் கணினியில் உள்ள ஒரு கோப்புறையைச் சுட்டிக்காட்டி, அதற்கு ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாத சிறு பெயர் கொடுக்க வேண்டும். 'ஆட்டோ மவுண்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், எக்ஸ்பியின் 'மை கம்ப்யூட்டர்' சாளரத்தில் அது ஒரு நெட்வொர்க் டிரைவாக வந்து நிற்கும். விருந்தாளியை மூடித் திறந்த பின்னும் கதவு இருக்க வேண்டுமானால், நிரந்தரமாக்கும் கட்டத்தையும் குறியிட்டுவிட வேண்டும். ஒரு சாளரத்திலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பை இழுத்துப் போடும் வசதியும் உண்டு. என் அனுபவத்தில் அது ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது.

இவ்வளவும் அந்தத் தம்பி தாமே செய்திருப்பார். நான் நேரில் போனதற்குக் காரணம் வேறு.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாமா எழுதிய கடிதங்களை இதே முறையில் மீட்டுக் கொண்டிருந்தேன். அவசரத்தில், என் கணினியின் 'டாக்குமெண்ட்ஸ்' கோப்புறை முழுவதையும் விருந்தாளிக்குத் திறந்துவிட்டேன். வேலை முடிந்ததும் எக்ஸ்பிக்குள் இடத்தைச் சுத்தம் செய்யலாம் என்று தோன்றியது. உள்ளே இருப்பவை நகல்கள், மூலம் வெளியே பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பில் கடிதக் கோப்புகளை அழித்தேன். வெளியே வந்து பார்த்தால் அங்கும் இல்லை. குப்பைத் தொட்டியிலும் இல்லை. நெட்வொர்க் டிரைவில் அழிப்பவை அங்கே போவதில்லை, நேரே ஒழிந்துவிடும். ஒரு பென் டிரைவில் பழைய நகல் இருந்ததால் பெரும்பகுதி தப்பியது. கடைசியாகச் சரிபார்த்த பதினோரு கடிதங்கள் போயின. மாமியிடம் அதைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

பகிர்வுக் கோப்புறை என்பது நகல் அன்று. ஓர் அறைக்கு இரண்டு கதவுகள், அவ்வளவே. எந்தக் கதவு வழியே நுழைந்து பொருளை எடுத்தாலும் அறை காலியாகும்.

இதைச் சொன்னதும் தம்பி சிரித்தார். "மாமா, நான்தான் ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேனே! தவறு நேர்ந்தால் பழைய நிலைக்குத் திருப்பிவிடுவேன்" என்றார். ஸ்னாப்ஷாட் என்பது விருந்தாளியின் அப்போதைய நிலையைப் பதிந்து வைப்பது. நல்ல வசதிதான். ஆனால் அது விருந்தாளியின் நிலையை மட்டுமே நினைவில் வைக்கும். பகிர்வுக் கோப்புறை இருப்பதோ வீட்டுக்காரரிடம். எக்ஸ்பியை நேற்றைய நிலைக்குத் திருப்பினாலும், இன்று அழிந்த கோப்பு திரும்பாது. வார்த்தையால் அவர் நம்பவில்லை. உடனே ஒரு வெற்றுக் கோப்பை வைத்து அழித்து, ஸ்னாப்ஷாட்டைத் திருப்பிக் காட்டினோம். கோப்பு வரவில்லை. சிரிப்பு நின்றது.

பிறகு வேலையை முறையாகத் தொடங்கினோம். குறுந்தகட்டின் உள்ளடக்கத்தை முதலில் இரண்டு பென் டிரைவ்களில் நகலெடுத்து, ஒன்றைச் சகோதரியின் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினோம். அமானிதப் பொருளை ஒரே இடத்தில் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. மடிக்கணினியில் இரண்டு கோப்புறைகளை உருவாக்கினோம். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அல்லவா, 'வரவு' என்றும் 'செலவு' என்றும் சகோதரியே பெயர் வைத்தார். பேஜ்மேக்கர் கோப்புகள் வரவில். அதைப் பகிரும்போது 'ரீட் ஒன்லி' கட்டத்தைக் குறியிட்டோம். விருந்தாளி அவற்றைப் படிக்கலாம். திருத்தவோ அழிக்கவோ இயலாது. எக்ஸ்பியிலிருந்து வெளியே வருபவைக்கு மட்டும் செலவு. அதில் எழுத அனுமதி உண்டு.

இன்னொன்றையும் செய்தோம். எக்ஸ்பியின் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டோம். மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு எக்ஸ்பிக்கான பாதுகாப்புப் பொறுப்பைக் கைவிட்டுவிட்டது. 2017 மே மாதம் வானாகிரை என்னும் நச்சுநிரல், விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாகவே நாடு நாடாகப் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பல அதில் முடங்கின. விருந்தாளிக்குள் அப்படியொன்று புகுந்தால், எழுத அனுமதியுள்ள கதவு வழியே வீட்டுக்காரரின் கோப்புகளையும் தொடும். விர்ச்சுவல்பாக்ஸின் பகிர்வுக் கோப்புறைக்கு நெட்வொர்க் தொடர்பே தேவையில்லை என்பது பலர் அறியாத செய்தி. அமைப்புகளில் நெட்வொர்க் பகுதியில் 'நாட் அட்டாச்சுடு' என்று வைத்தாலும் கதவு திறந்தே இருக்கும்.

பேஜ்மேக்கரில் கோப்பைத் திறந்தோம். தகட்டிலேயே எழுத்துருவும் இருந்தது; அந்த டி.டி.பி. நிலையத்தார் யாராயினும் நல்ல மனிதர். அதை எக்ஸ்பியில் நிறுவியதும் திரையில் தமிழ் வந்தது. ஒவ்வோர் அத்தியாயத்தையும் வெறும் உரைக் கோப்பாகச் செலவுக் கோப்புறையில் சேமித்து, வெளியே எடுத்து, யூனிகோடாக மாற்றினோம். இதற்கு நம் சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா பதிப்பகத்தார் இலவசமாக வழங்கிய என்.எச்.எம். கன்வர்ட்டர் துணைபுரிந்தது. டாம், டாப், திஸ்கி, பாமினி முதலிய பல குறியீடுகளை அது அறியும். எது நம்முடையது என்று தெரியாவிட்டால் ஒரு பத்தியை ஒவ்வொன்றிலும் மாற்றிப் பார்க்க வேண்டியதுதான்; நான்காவது முயற்சியில் சரியாயிற்று.

மாற்றியதை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடக் கூடாது. அரிதாகப் பயன்படும் எழுத்துகளில்தான் எழுத்துருக்கள் மிகவும் வேறுபடுகின்றன. நம் வீட்டு எழுத்தில் ஜ, ஹ, ஷ, ஸ ஆகியவை சற்று மிகுதி. 'ஹஜ்' என்ற சொல் வந்த இடமெல்லாம் ஒரு கேள்விக்குறியும் ஒரு கட்டமுமாக நின்றது. எக்ஸ்பியில் மூலத்தையும் அருகே புதிய படியையும் வைத்துக்கொண்டு, சகோதரி வாய்விட்டு வாசிக்க, தம்பி திருத்தினார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

61ஆம் பக்கத்தில் வாசிப்பு நின்றது. கடையின் தொடக்க நாள்களைப் பற்றிய பகுதி. நடுவே ஓர் அடைப்புக்குறி; அதற்குள், முதன்முதல் கடையில் வேலைக்குச் சேர்ந்த பையனின் பெயரை விசாரித்துச் சேர்க்கவும் என்று வாப்பா தமக்கே எழுதி வைத்திருந்தார். சகோதரிக்கு அந்தப் பையனின் முகம் நினைவிருக்கிறது. ரம்ஜான் பிறைக்கு முந்தைய நாள் ஜவுளி மூட்டையைத் தோளில் சுமந்து வருவாராம். பெயர் நினைவில் இல்லை. எழுந்து போய் கீழக்கரைக்கு, வாப்பாவின் தங்கைக்குத் தொலைபேசி செய்தார். "அஞ்சு நிமிஷம் இருங்க காக்கா, மாமி யோசிச்சுச் சொல்றேங்குறாங்க" என்று குரல் கொடுத்தார். கோப்பை மூடாமல் காத்திருந்தோம்.