தொண்டைக்கும் தலைவிதியா?

நம் நாட்டில் ஒருவன் நீந்தக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் குளத்தில் இறங்கு என்கிறார்கள். சைக்கிள் விட வேண்டுமென்றால் நாலு தடவை விழுந்து எழுந்திரு என்கிறார்கள். ஆனால் பாடக் கற்றுக்கொள்ளுகிறேன் என்று வாயைத் திறந்தால் மாத்திரம், "அதெல்லாம் கடவுள் கொடுக்க வேண்டும், பூர்வ ஜன்மத்துப் புண்ணியம் வேண்டும், பரம்பரை ரத்தம் வேண்டும்" என்று சொல்லி அவன் வாயை அடைத்துவிடுகிறார்கள். அவனும் "நமக்கு வராது" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறான். இந்த "வராது" என்கிற சொல்லால் யாருக்கு லாபம் என்பதைச் சற்று யோசிக்க வேண்டாமா?

முதலாவது, பாட்டு என்பதுதான் என்ன? நெஞ்சிலிருந்து எழும் மூச்சு தொண்டையிலுள்ள இரண்டு மெல்லிய சதை மடிப்புகளில் பட்டு அவற்றை அதிரச் செய்கிறது. சாதாரணமாகப் பேசும்போது ஆண்களுக்கு விநாடிக்குச் சுமார் 100 முதல் 130 தடவையும், பெண்களுக்குச் சுமார் 200 தடவையும் அவை அதிருகின்றன. மடிப்பு இழுபட்டு விறைத்தால் சுரம் ஏறும், தளர்ந்தால் இறங்கும். வேலை செய்வது சதை. சரியா தப்பா என்று சொல்வது காது. இதில் பிரம்மா எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதினான்? எந்த ஜாதிக்காரன் தொண்டையில் மூன்றாவது மடிப்பு இருக்கிறது? சுர வித்தியாசமே பிடிபடாத பிறவிக் குறையுள்ளவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் இல்லை என்பது ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கு. பாக்கி 96 பேரும் யார் பேச்சைக் கேட்டு ஊமையானார்கள்?

தாலாட்டும் நடவுப்பாட்டும் ஒப்பாரியும் பாடும் நம் தாய்மார்கள் எந்தக் குருவுக்குத் தட்சணை வைத்தார்கள்? சிறு வயது முதல் காதில் விழுந்தது, வாயில் வந்தது, அவ்வளவுதான்.

"பரம்பரை" என்கிறார்களே, அதையும் பார்ப்போம். தலைமுறை தலைமுறையாகப் பாட்டையும் நாகசுரத்தையும் காப்பாற்றி வந்தவர்களை இவர்கள் எப்படி நடத்தினார்கள்? ஆணை "மேளக்காரன்" என்று தாழ்த்தினார்கள். பெண்ணைக் கோயிலில் பொட்டுக் கட்டினார்கள். 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்துதான் அந்த வழக்கம் தடுக்கப்பட்டது. அந்தப் பெண்கள் பாடியபோது இழிதொழில். அதையே உயர்ந்த ஜாதி என்பவர்கள் சபா மேடையில் பாடியபோது தெய்வீகக் கலை! ரத்தத்துக்கு மதிப்பு இருந்ததென்றால் இந்தக் கூத்து நடந்திருக்குமா?

இவ்வளவையும் மீறி ஒரு பிள்ளை பாட்டு வாத்தியாரிடம் போய்ச் சேர்ந்தால் நடப்பது என்ன? சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம். இவை வெறும் சுரங்கள். குரலைப் பழக்க நல்ல முறையே. இவற்றை ஒழுங்கு செய்தவர் 16-ம் நூற்றாண்டின் புரந்தரதாசர் என்பார்கள். பிறகு வருவது கீதம். அந்தப் பிள்ளை அர்த்தத்தோடு பாடவேண்டிய முதல் பாட்டு பிள்ளையார் துதி. பாஷையோ சமஸ்கிருதமும் கன்னடமும். அப்புறம் வர்ணம், பெரும்பாலும் தெலுங்கு. தமிழ்ப் பிள்ளை அர்த்தம் தெரியாமலே வருஷக்கணக்கில் நெட்டுருப் போடுகிறது. தவறினால் "ஞானம் போதாது" என்று பட்டம் வேறு!

புரந்தரதாசர் தம் ஜனங்களுக்குப் புரியக் கன்னடத்தில் பாடினார். தியாகராயர் திருவையாற்றில் இருந்தும் தம் தாய்மொழியான தெலுங்கில் பாடினார். அவர்கள் செய்தது சரியே. அவர்களைப் பின்பற்றுவதென்றால் நாம் நமக்குப் புரியும் தமிழில் அல்லவா தொடங்க வேண்டும்?

"சங்கீதத்துக்குப் பாஷை ஏது?" என்று சிலர் கேட்பார்கள். பாஷை இல்லையென்றால் தமிழ் வந்தவுடன் மட்டும் அது கெட்டுப்போவானேன்? 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியபோதும் சங்கீத உலகில் ஒரு கூட்டம் தரம் கெட்டுவிடும் என்று கூச்சலிட்டது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டது. தரம் எங்கே ஓடிவிட்டது? அதற்கும் முன்பே, 1917-ல் கருணாமிர்த சாகரம் வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், தமிழிலேயே கீதங்கள் இயற்றி வைத்தார். ஆகவே இல்லாதது பாட்டல்ல; மனம்தான்.

ஆதலால், பாட ஆசையுள்ள தோழர்கள் நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டியதில்லை. முதலில் உங்கள் சுருதியைக் கண்டுபிடியுங்கள். ஆண்கள் பலருக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டையும், பெண்கள் பலருக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டையும் ஒத்து வரும். அடுத்தவன் கட்டையில் கத்தித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டு விதியை நோகாதீர்கள். தம்பூரா வாங்கப் பணமில்லையா? இன்று கைப்பேசியிலேயே சுருதி கிடைக்கிறது. அதோடு சேர்த்து "ச"வை ஒரே மூச்சில் ஆடாமல் நிறுத்துங்கள். வரிசைகளை முதல் காலத்தில் சுத்தமாகப் பாடிய பிறகே இரண்டாம் காலத்துக்குப் போங்கள். பாடியதை அதே கைப்பேசியில் பதிந்து நீங்களே கேளுங்கள். உங்கள் காதே பாதி வாத்தியார்.

பாட்டு வாத்தியார்களையும் ஒன்று கேட்கிறோம். முதல் கீதத்தைப் பிள்ளைக்குப் புரியும் தமிழில் சொல்லிக்கொடுங்கள். மழையைப் பற்றி இருக்கட்டும். உழவைப் பற்றி இருக்கட்டும். ஒரு மாதம் பாடவிட்டு, அதற்குப் பிறகும் "உனக்கு வராது" என்று சொல்ல உங்களுக்கு வாய் வருகிறதா என்று பார்ப்போம்.