உளி பிடித்தவன் பெயர் எங்கே?



“பூட்டி வை” என்கிறான் ஒருவன். “அள்ளிக்கொண்டு போ” என்கிறான் மற்றொருவன். பகைவர்கள் போலத்தான் இருவரும் தோன்றுவார்கள், ஏமாந்துவிடாதீர்கள்! முன்னவன், பதிப்புரிமை என்ற பெயரால் பாட்டையும் சிற்பத்தையும் பெட்டகத்தில் அடைக்கும் முதலாளி. பின்னவன், இணையத்தில் கண்டதெல்லாம் தனதென்று வாரிச் சுருட்டும் வணிகன். இருவருக்கும் இடையே நசுங்குகிறவன் யார்? படைத்தவன்! உழைத்தவன்!

பெரம்பலூர் மாவட்டத்திலே, பச்சைமலையை அடுத்து, அரும்பாவூர் இருக்கிறது. வாகை, மா, வேம்பு என்று மரம் தேர்ந்து, ஒரே கட்டையில் ஒட்டுப் போடாமல் உருவம் செதுக்கும் தோழர்களின் ஊர் அது. 2020ஆம் ஆண்டில் அவர்களுடைய மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். எங்கோ எந்திரத்தில் கடைந்ததை “அரும்பாவூர்ச் சிற்பம்” என்று கூவி விற்க இனி எவனுக்கும் உரிமை இல்லை. ஊர்ப் பெயருக்குக் காவல் வந்துவிட்டது. ஆனால், உளி பிடித்தவன் பெயருக்கு?

எண்ணிப் பாருங்கள். முகத்தின் நீளத்தை அலகாக வைத்து உடல் முழுவதையும் அளக்கும் தாலமுறை இருக்கிறதே, அது எந்த முதலாளி தேடி வைத்த சொத்து? ஆசான் மாணவனுக்குத் தந்தான். அவன் தன் மாணவனுக்குத் தந்தான். கலை வளர்ந்தது கொடுத்ததால், பூட்டியதால் அன்று. அதுவும் சில வீடுகளின் திண்ணையோடு நின்றுவிட்டதே என்பதுதான் நம் வருத்தம்.

தமிழ்நாடு இந்த வழக்கை முன்பே கண்டிருக்கிறது. 1948இல் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதியின் பாட்டு ஒலித்தது. அந்தப் பாட்டின் உரிமை தங்களதென்று ஏவி.எம். நிறுவனத்தார் வழக்காடினர். விடுதலையைப் பாடியவனின் பாட்டே சிறையில்! எழுத்தாளர்கள் கொதித்தெழுந்தனர். 1949இல் சென்னை அரசு பாரதி படைப்புகளின் உரிமையைத் தன்பால் கொண்டது. 1955இல் அதை மக்களுக்கே விட்டது. பாட்டு தேய்ந்ததா? பட்டிதொட்டியெல்லாம் பரவியது!

வடபுலத்தில் நடந்ததையும் கேளுங்கள். 1941இல் மறைந்த தாகூரின் எழுத்துக்கு 1991உடன் காப்புரிமை முடியவேண்டும். முடியும் தறுவாயில் சட்டத்தைத் திருத்தி, ஆசிரியர் மறைவுக்குப் பின் ஐம்பதாண்டு என்றிருந்ததை அறுபதாண்டு ஆக்கினார்கள். ஒரு கவிஞரின் பொருட்டு நாடெங்கும் வேலியைப் பத்தாண்டு நீட்டினார்கள். நாம் வேலியைப் பிரித்தோம், அவர்கள் நீட்டினார்கள்!

“எல்லாவற்றையும் திறந்துவிட்டால் சிற்பி எதை உண்பான்?” என்று கேட்பார்கள். நல்ல கேள்வி, கேட்கிறவர்தாம் கோணல்! இதுவரை பூட்டி வைத்தீர்களே, அவன் வயிறு நிறைந்ததா? சிற்பி விற்பது மரத்தில் எழுந்த உருவத்தை, அதில் கலந்த உழைப்பை. படத்தையும் வரைபடத்தையும் பார்த்துக் கற்கிறவன் அவன் சோற்றைப் பறிக்கவில்லை. பெயரை அழித்துவிட்டு, படத்தை எந்திரத்துக்கு ஊட்டி, நூறாயிரமாய் வார்த்து விற்கிறானே, அவன்தான் பறிக்கிறான்!

இதற்கு வழி இல்லையா? உண்டு. 2002இல் வெளிவந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் கூறுவதைப் பாருங்கள். படைத்தவனே நிபந்தனை விதிக்கிறான். “என் பெயரைச் சொல், எடுத்துக்கொள்” என்பது ஒன்று. “நீ மாற்றிச் செய்ததையும் இதே முறையில் பிறருக்குக் கொடு” என்பது மற்றொன்று. “வாணிகத்துக்கு மட்டும் கூடாது” என்பதும் உண்டு. கொடுக்கிறவன் கையில்தான் சாவி! ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற இயலாது. ஆகவே நம் தோழர்கள் படித்து, புரிந்து, பிறகே கையெழுத்திடவேண்டும்.

சிற்பத்துக்கும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் உரிமை தருகிறது. பதிவு செய்யவேண்டும் என்ற கட்டாயமில்லை. உரிமையை விற்றபின்னும், “படைத்தவன் நான்” என்று சொல்லும் உரிமையை அச்சட்டத்தின் 57ஆம் பிரிவு அவனுக்கே விட்டுவைத்திருக்கிறது. சட்டம் தந்ததைச் சந்தை பறிப்பதை நாம் வேடிக்கை பார்ப்பதா?

நாம் கேட்பது இரண்டே. மக்கள் வரிப்பணத்தில் எடுக்கும் படமும், எழுதும் பாடநூலும், வரையும் அளவுப்படமும் மக்களுக்குத் திறந்திருக்கட்டும். நாட்டுடைமை நூல்கள் ஈராயிரத்துக்கு மேல் விக்கிமூலத்தில் எவரும் படிக்கத் திறந்து கிடக்கின்றனவே. நூலுக்கு இயன்றது சிற்பத்துக்கு இயலாதா? இரண்டாவது, அந்தப் படம் ஒவ்வொன்றின் கீழும் சிற்பியின் பெயர் இருக்கட்டும். அவன் இசைவு பெற்ற பிறகே அது ஊர் சுற்றட்டும்.

அரசிடம் கேட்டுவிட்டு நாம் சும்மா இருப்பதற்கில்லை. மாநாட்டு மேடையிலே தலைவருக்கு மரச்சிற்பம் பரிசளிக்கிறோம். கொடுத்தவர் பெயர் ஏட்டில் வருகிறது, பெற்றவர் பெயர் வருகிறது. செதுக்கியவன் பெயர்? வருவதில்லை! அடுத்த மாநாட்டிலிருந்து அந்தப் பெயரையும் மேடையில் படியுங்கள், தோழர்களே. படத்தின் கீழும் எழுதுங்கள்.

அறிவு ஊருக்குப் பொது. பெயர் உழைத்தவனுக்கு உரியது. முன்னதைப் பூட்டுகிறவனையும் எதிர்ப்போம். பின்னதைத் திருடுகிறவனையும் எதிர்ப்போம்!