எஞ்சின் ஆயில் மட்டும் மாற்றினால் போதுமா? பழைய புல்லட்டின் பில்லில் நான்கு வரி வேண்டும்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வண்டிகள் வெளியே வரும்போது, ஸ்கூட்டர்களுக்கும் புது பைக்குகளுக்கும் நடுவே எப்போதாவது ஒரு பழைய புல்லட்டின் சத்தம் தனியாகக் கேட்கும். அப்பா ஓட்டியது, மாமனார் கொடுத்தது என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கதை இருக்கும். "சர்வீஸ் எல்லாம் ஒழுங்கா பண்றீங்களாண்ணே?" என்று கேட்டால், "போன மாசம்தாம்ப்பா ஆயில் மாத்துனேன்" என்பார் ஓட்டுபவர்.

எந்த ஆயில்? இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் வண்டிக்காரரும் கேட்பதில்லை, மெக்கானிக்கும் சொல்வதில்லை. பழைய புல்லட்டுகள் பாதி வயதிலேயே கெட்டுப்போவதற்கும், நெடுஞ்சாலையில் செயின் அறுந்து நிற்பதற்கும் இந்த அலட்சியம் ஒரு முக்கியக் காரணம்.

இந்த மண்ணின் வண்டி

புல்லட் பிறந்தது இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில். ஆனால் அது வாழ்ந்தது வடசென்னையில். 1955இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்து இறங்கியதை இங்கே பூட்டி, 1956இல் 163 வண்டிகளை முடித்தார்கள். பிறகு பாகங்களும் இங்கேயே தயாராகின. 2018இல் சென்னை மாவட்டம் விரிவாக்கப்படும் வரை திருவொற்றியூர், திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது. இன்று ஒரகடம், வல்லம் வடகால் என்று உற்பத்தி பெருகிவிட்டாலும், பழைய புல்லட் இந்த மாவட்டத்துக்குச் சொந்தக்கார வண்டி.

மூன்று அறை, மூன்று ஆயில்

இன்றைய பைக்குகள் பெரும்பாலானவற்றில் எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. ஒரே ஆயில் எல்லாவற்றையும் நனைக்கிறது. அதனால் 'ஆயில் மாத்தியாச்சு' என்ற ஒரு சொல் போதும். புல்லட்டும் 2010 வாக்கில் இந்த அமைப்புக்கு மாறிவிட்டது.

அதற்கு முந்தைய இரும்பு எஞ்சின் புல்லட் அப்படியில்லை. எஞ்சின் ஆயிலுக்குத் தனி இடம். இடது பக்கம் பிரைமரி செயினும் கிளட்ச்சும் இருக்கும் கேஸுக்குத் தனி ஆயில். பின்னால் போல்ட் போட்டுப் பூட்டிய கியர் பாக்ஸுக்குத் தனி ஆயில். ஒன்றில் ஊற்றுவது இன்னொன்றுக்குப் போகாது. இதோடு பின் சக்கரத்தை இழுக்கும் செயினையும் சேர்த்தால், கவனிக்க வேண்டிய இடங்கள் நான்கு. ஆனால் பல வண்டிகளில் கவனிப்பு கிடைப்பது எஞ்சினுக்கு மட்டும்தான்.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லவும் முடியாது. இப்போது தொழில் கற்கும் பிள்ளைகள் பழகுவதெல்லாம் ஒரே ஆயில் வண்டிகளில். வலது பக்கம் கியர், மேலே ஒன்று, கீழே மூன்று என்று இருக்கும் பழைய ஆல்பியன் கியர் பாக்ஸை அவர்களில் பலர் திறந்து பார்த்திருக்கவே மாட்டார்கள்.

கியர் பாக்ஸுக்கு எதை ஊற்றுவது?

பழைய நான்கு கியர் பெட்டிக்கு அந்தக் காலத்தில் கூழ் பதத்தில் இருக்கும் கிரீஸைப் போட்டார்கள். தண்ணியான ஆயில் ஒழுகிவிடும் என்பது அதற்கு ஒரு காரணம். இன்று பலர் 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றுகிறார்கள். சிலர் இரண்டையும் கலக்கிறார்கள். வண்டியின் கையேடு சொல்வதைப் பின்பற்றுவதே நல்லது. கெட்டியான சாதாரண கிரீஸை அடைப்பது மட்டும் கூடவே கூடாது. பற்சக்கரம் சுற்றும்போது அந்தக் கிரீஸ் ஓரமாக ஒதுங்கி நின்றுவிடும். பற்கள் காய்ந்த நிலையில் உரசும்.

"90 நம்பர் ரொம்ப கெட்டிண்ணே, எஞ்சின் ஆயிலே போதும்" என்ற வாதமும் உண்டு. இது எண்ணைப் பார்த்து வரும் குழப்பம். கியர் ஆயிலுக்கும் எஞ்சின் ஆயிலுக்கும் அளவுகோல் வேறு. 90 நம்பர் கியர் ஆயிலின் கெட்டித்தன்மை, ஏறக்குறைய 40 அல்லது 50 நம்பர் எஞ்சின் ஆயிலின் அளவுதான். இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் ரசாயனத்தில் இருக்கிறது. பற்கள் ஒன்றையொன்று அழுத்தி உரசும் இடத்தைக் காக்கும் சேர்மானம் கியர் ஆயிலில் அதிகம்.

டப்பாவில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று போட்டிருப்பதையும் பார்க்க வேண்டும். ஜிஎல்-5இல் அந்தச் சேர்மானம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரியது நல்லது என்று நினைத்து அதை வாங்குபவர்கள் உண்டு. ஆனால் அதிலுள்ள கந்தகச் சேர்மானம், சூட்டில் வெண்கலப் புஷ்களை அரிக்கக்கூடும். வெண்கலப் புஷ் உள்ள பழைய பெட்டிக்கு ஜிஎல்-4 தான் பாதுகாப்பு.

பிரைமரி கேஸின் கதை வேறு. அங்கே கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலில் நனைந்தபடி வேலை செய்கின்றன. கெட்டி ஆயிலோ, வழுக்கும் சேர்மானம் கலந்த கார் ஆயிலோ ஊற்றினால் கிளட்ச் நழுவும். அந்த மூடியைப் பிடித்திருப்பது நடுவில் உள்ள ஒரே ஒரு நட்டு. ஒழுகுகிறதே என்று அதை மேலும் மேலும் இறுக்கினால் மூடி நெளிந்து இன்னும் ஒழுகும். ரப்பர் சீலை மாற்றுவதுதான் வழி.

பழைய ஆயில் சொல்லும் சேதி

வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி வந்து, சூடாக இருக்கும்போது டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் அழுக்கு முழுதும் இறங்கும். இறங்குவதை ஒரு தட்டில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மெல்லிய பொடி மினுமினுத்தால் அது வழக்கமான தேய்மானம். பொன்னிறப் பொடி அதிகமாக வந்தால் புஷ் தேய்கிறது. விரலில் நெருடும் இரும்புத் துண்டு வந்தால் பல் உடைந்திருக்கலாம், பெட்டியைத் திறக்காமல் ஓட்டக் கூடாது. பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வண்டி மூழ்கிய அனுபவம் இந்தப் பகுதிக்கு நிறையவே உண்டு. மூழ்கிய புல்லட்டில் எஞ்சின் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டினால், மற்ற இரண்டு அறைகளிலும் துரு தன் வேலையைத் தொடரும்.

"எங்க தாத்தா இருபது வருஷம் கியர் ஆயிலைத் தொட்டதே இல்லை" என்பார்கள். தாத்தா தொட்டிருப்பார். பழைய பெட்டி ஒழுகும், ஒழுகியதால் அவ்வப்போது ஊற்றியிருப்பார். 'புல்லட்டில் ஆயில் ஒழுகலைன்னா உள்ளே ஆயில் இல்லைன்னு அர்த்தம்' என்ற கேலியில் பாதி உண்மை இருக்கிறது. அந்தக் காலத்தில் ஓட்டியவர்கள் தரையில் விழுந்த சொட்டைப் பார்த்தே அளவைத் தெரிந்துகொண்டார்கள். இன்று வண்டி நிற்கும் இடத்தையே பலரும் குனிந்து பார்ப்பதில்லை.

செயினுக்குக் கிரீஸ்: வெளியே பூசினால் போதாது

பழைய புல்லட்டின் செயினில், இன்றைய பல செயின்களில் உள்ளது போல உள்ளே கிரீஸை அடைத்து வைக்கும் ரப்பர் வளையம் கிடையாது. தேய்வது வெளிப்பக்கம் அல்ல, உள்ளே இருக்கும் பின்னும் புஷ்ஷும். மேலே அப்பிய கிரீஸ் அங்கே போய்ச் சேராது. அதற்குப் பதிலாகத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டிரெய்லர் கிளப்பும் மண்ணும் உருக்காலைப் பக்கத்துத் தூசியும் கிரீஸில் ஒட்டினால், அது சாணைக்கல் போலத் தேய்க்கும். பழவேற்காடு பக்கமிருந்து வரும் உப்புக் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

பழைய மெக்கானிக்குகள் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து, தகரத்தில் மிதமாகச் சூடாக்கிய கிரீஸில் ஊறப்போடுவார்கள். இளகிய கிரீஸ் பின் வரைக்கும் இறங்கும். ஆற விட்டு எடுத்து, வெளியே வழிவதைத் துணியால் துடைத்துவிடுவார்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது இதைச் செய்யலாம். நடுவில் 500 கிலோமீட்டருக்கு ஒரு முறையும் மழையில் நனைந்த பிறகும், செயினின் உட்புறத்தில் பிரஷ்ஷால் கியர் ஆயில் தொட்டு வைத்துத் துடைத்தால் போதும். எஞ்சினிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயிலைச் செயினுக்குப் போடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அதில் இருப்பது கரியும் இரும்புப் பொடியும்தான்.

செயின் நீண்டுவிட்டதா என்று பார்க்க ஒரு ஸ்கேல் போதும். 24 கண்ணிகள் சேர்ந்து 15 அங்குலம் இருக்க வேண்டும். இழுத்துப் பிடித்து அளக்கும்போது 15.3 அங்குலத்தைத் தாண்டினால் செயினை மாற்ற வேண்டும், ஸ்பிராக்கெட்டின் பற்களையும் பார்க்க வேண்டும். பூட்டும்போது கிளிப்பின் மூடிய முனை, செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். பின் வீலை நகர்த்தினால் இரண்டு பக்கமும் ஒரே அளவு நகர்த்த வேண்டும், பிரேக் ராடையும் சரிசெய்ய வேண்டும்.

இன்னொன்று முக்கியம். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினில் துணியை வைத்துத் துடைப்பதை எங்கும் பார்க்கலாம். துணி மாட்டினால் விரலும் சேர்ந்து போகும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, வீலைக் கையால் சுற்றியே இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

இவ்வளவு கறார் எதற்கு? தேசிய நெடுஞ்சாலை 16இல் கவரைப்பேட்டை பக்கம் ஓடும்போது செயின் அறுந்து சுருண்டால், அது கியர் பாக்ஸ் கூட்டை உடைக்கலாம், பின் சக்கரத்தையும் பூட்டிவிடலாம். பின்னால் வருவது லோடு ஏற்றிய டிரெய்லர்.

இறக்கிய ஆயில் எங்கே போகிறது?

பில்லில் வராத இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு முறை ஆயில் மாற்றும்போது இறங்கும் பழைய ஆயில், 10 லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கப் போதுமானது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. எண்ணெய் தண்ணீரில் கலந்தால் என்ன ஆகும் என்று இந்தப் பகுதிக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மணலியிலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தை மூடியது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போயின. மெக்கானிக் கடை வாய்க்காலில் ஊற்றும் அரை லிட்டர் அதற்கு ஈடாகாதுதான். ஆனால் அது ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கடையிலும் நடக்கிறது.

சட்டப்படி பழைய ஆயில் அபாயகரக் கழிவு. ஆயில் உற்பத்தியாளர்களே அதன் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விதி தெருமுனைக் கடை வரைக்கும் இறங்க வேண்டுமானால், கடைக்காரர் ஒரு கேனில் சேர்த்து வைக்க வேண்டும். அனுமதி பெற்ற சேகரிப்பாளர் அதை வந்து எடுக்க வேண்டும். அவர் யார், எப்போது வருவார் என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் உள்ளாட்சிகளும் கடைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பில்லில் நான்கு வரி

தீர்வுக்குப் பெரிய செலவில்லை. 'ஆயில் சர்வீஸ்' என்று ஒரே வரியில் எழுதுவதை விட்டுவிட்டு, எஞ்சின் ஆயில், பிரைமரி ஆயில், கியர் ஆயில், செயின் என்று நான்கு வரியாக எழுதச் சொன்னால் போதும். மாற்றாததற்கு நேரே 'அளவு பார்த்தது' என்றாவது எழுதட்டும். எழுத வேண்டும் என்று வந்துவிட்டால், மெக்கானிக் அந்தப் பிளக்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும். வண்டிக்காரரும் என்ன ஆச்சு என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். பழைய ஆயில் கேனுக்குப் போனதா என்பதையும் கூடவே கேட்டுவிடலாம். ஓட்டம் குறைந்த வண்டிக்குக்கூட ஆண்டுக்கு ஒரு முறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு இந்த நான்கையும் முடித்துவிடுவது நல்லது.

கியர் பாக்ஸுக்குத் தேவைப்படுவது சுமார் அரை லிட்டர்தான். அதைச் சேமித்துவிட்டு, பிறகு பற்சக்கரத்துக்குக் கடை கடையாக அலைபவர்களைப் புதுப்பேட்டையில் கேட்டால் கணக்குச் சொல்வார்கள்.