பைன் காய்க்குப் பற்றரி இல்லை

சென்ற வாரம் எங்கள் வீட்டுச் சலவை இயந்திரத்துக்குள் கடகடவென்று சத்தம். நிறுத்திப் பார்த்தால் மூன்று கூழாங்கல், ஒரு பைன் காய். காட்டுப் பாலர் பாடசாலைக்குப் போகும் சின்னவனின் குளிர் உடுப்புப் பையில் கிடந்தவை. "அது என்ர யானை!" என்று ஓடி வந்தான். நான் யானையைக் குப்பையில் போட்டுவிட்டு, பேசும் எழுத்துப் பலகையை அவன் மடியில் வைத்தேன். சரியான பட்டனை அழுத்தினால் அது ஆங்கிலத்தில் பாராட்டிக் கைதட்டும்.

ஏன் வாங்கினோம் இதை? பயம்தான், வேறென்ன? டென்மார்க்கில் ஆறு வயதில்தான் பள்ளிக்கூடம். அதுவரை மழையென்றும் பனியென்றும் பாராமல் வெளியே விளையாட விடுகிறார்கள். இங்குள்ள தமிழ்ப் பெற்றோரான நாமோ பிராண்டே ஊர்க் கோவில் திருவிழாவில் சந்தித்தாலும், "உங்கட மகள் எத்தனை வரைக்கும் எண்ணுவாள்?" என்றுதான் கேட்கிறோம். அந்தப் பதற்றம் நம்முடையது. பிள்ளை கேட்டதா அந்தப் பலகையை?

விளையாட்டின் அருமையை அறியத் தூரம் போக வேண்டாம். பிராண்டேக்குப் பக்கத்து ஊரான பில்லுண்டில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-ல் மர விளையாட்டுச் சாமான் செய்யத் தொடங்கினார். அவர் தன் நிறுவனத்துக்கு வைத்த 'லெகோ' என்ற பெயரே 'நன்றாக விளையாடு' என்னும் டேனிஷ் சொற்களின் சுருக்கம். எட்டுக் குமிழ் வைத்த ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் 91 கோடிக்கும் அதிகமான விதத்தில் பொருத்தலாமாம். எங்கள் பலகையில் பன்னிரண்டு பட்டன். மூன்றாம் நாளே எல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

மின்சாரமே ஆகாது என்று சொல்ல வரவில்லை. அதே லெகோ 1998-ல் கொண்டுவந்த மைண்ட்ஸ்டோர்ம்ஸ் ரோபோவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைதான் கட்டளை எழுத வேண்டியிருந்தது. நம் வீட்டுச் சாமான்களில் யார் யாருக்குக் கட்டளை இடுகிறார்கள்?

இன்னொன்றும் உண்டு, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. தமிழ் வகுப்புக்குக் கிழமைக்கொரு நாள் தவறாமல் கூட்டிப் போகிறோம். ஆனால் வீட்டில் அவனோடு தமிழ் பேச வேண்டிய மாலை நேரத்தைப் பலகையிடம் ஒப்படைத்துவிட்டு நாம் சமைக்கிறோம். சமையல் முடிந்தால் போன்.

ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா வீடியோவில் வந்தார். "என்ன சாப்பிட்டனீ ராசா?" என்று கேட்டார். அவன் வாய் திறக்கவில்லை. திரையில் அவருடைய மூக்கை விரலால் அழுத்தினான். கைதட்டுவாரா என்று காத்திருந்தான்.